அமெரிக்க அதிபர் தேர்தல்: பேப்பர், பென்சிலோடு உட்கார்ந்து புரிந்துகொள்வது எப்படி

முதலில் நாடு முழுக்க யாருக்கு அதிக ஓட்டு என்ற கணக்கை மறந்துவிடுங்கள். 2016ல் ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு, அதிபரானது டிரம்ப். மாநிலம் மாநிலமாக எண்ணுகிற தேர்தல் இது, அதுவும் இரண்டு சுற்றாக.

முதல் சுற்று பிரைமரி. கட்சி வேட்பாளர் யார் என்று கட்சித் தலைமை முடிவு செய்யாது, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் வருடத்தின் ஜனவரி, பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் வரை இழுக்கும். சில மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம், சிலவற்றில் யார் வேண்டுமானாலும்.

சில இடங்களில் பிரைமரிக்குப் பதில் காகஸ். 2020ல் அயோவாவில் ஜனநாயகக் கட்சி நடத்தியதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்: பள்ளிக்கூட ஜிம்மில் ராத்திரி கூடி, வேட்பாளராகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் ஆட்கள் ஒரு மூலை, பைடன் ஆட்கள் இன்னொரு மூலை என்று போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். 100 பேர் வந்திருக்கிற இடத்தில் ஒருவர் பக்கம் 14 பேர்தான் என்றால் 15 சதவீதம் தேறவில்லை, அந்த அணி கலைய வேண்டியதுதான். உடனே மற்ற மூலைகளிலிருந்து "இங்க வாங்க" என்று ஆள் பிடிக்க வந்துவிடுவார்கள்.

இந்தச் சுற்றில் தலைப்புச் செய்தியை நம்பாதீர்கள், டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் பிரதிநிதி) எண்ணிக்கையைப் பாருங்கள். அதே 2020ல் பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஆள் அவுட் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் ஜெயிக்கத் தேவை 1,991 டெலிகேட், அயோவாவில் இருந்ததோ 41தான். பிப்ரவரி 29ல் சவுத் கரோலினாவை ஜெயித்தார், மூன்றே நாளில் வந்த, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாயன்று 14 மாநிலங்களில் 10ஐ அள்ளிவிட்டார்.

ஜனநாயகக் கட்சி டெலிகேட்டுகளை விகிதப்படி பிரிக்கும், குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே மொத்தமும். அதனால் அங்கே பந்தயம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் கோடையில் மாநாடு, பெரும்பாலும் சடங்குதான். 2024ல் பிரைமரிகளை ஜெயித்த பைடன் ஜூலையில் விலகிக்கொள்ள, அவருடைய டெலிகேட்டுகள் கமலா ஹாரிஸ் பக்கம் போனார்கள். வெறும் எண் இல்லை, அவர்களும் ஆட்கள்தான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சரி, இப்போது நவம்பர். பேப்பரை எடுங்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் சார்பில் ஓட்டுப் போடும் எலக்டர்கள். மொத்தம் 538 பேர், ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா இடத்திலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எலக்டர்கள் எல்லாம் உங்களுக்கு. மூன்றாவது கட்சி தலையெடுக்க முடியாததும் பெரும்பாலும் இதனால்தான். 1992ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 19 சதவீத ஓட்டு வாங்கினார், ஒரு எலக்டர்கூடக் கிடைக்கவில்லை.

2024 கணக்கை எழுதிப் பாருங்கள், இதே எலக்டர் எண்ணிக்கைதான் 2028க்கும். இழுபறி மாநிலங்கள் ஏழு: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, நார்த் கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. ஆக 93. இவற்றை ஒதுக்கிவிட்டால் ஜனநாயகக் கட்சிக்கு 226, குடியரசுக் கட்சிக்கு 219. முன்னவர்களுக்கு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் கிடைத்தால் சரியாக 270. பின்னவர்களுக்கு பென்சில்வேனியா, ஜார்ஜியா, நார்த் கரோலினா, அதுவும் சரியாக 270! இரண்டு பட்டியலிலும் பென்சில்வேனியா இருக்கிறதா? ரெண்டு பேரும் அங்கேயே கூடாரம் போட்டுக் கிடந்தது ஏன் என்று புரிந்திருக்கும். ஏழையும் டிரம்பே வாரிக்கொண்டு 312ல் போய் நின்றார் என்பது வேறு கதை.

அங்கே தேர்தல் செவ்வாய்க்கிழமை; இந்திய நேரப்படி மறுநாள் புதன் காலை 6.30க்கு பென்சில்வேனியாவில் வாக்குப்பதிவு முடியும். முதலில் வருகிற முன்னிலையைப் பார்த்து யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். தபால் ஓட்டுக் கவரைத் தேர்தல் நாள் காலை வரை பிரிக்கவே கூடாது என்பது அங்கே சட்டம். 2020ல் முதல் ராத்திரி அங்கே டிரம்ப் பல லட்சம் ஓட்டு முன்னால் இருந்தார், பைடன் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது சனிக்கிழமை.