60 பேர் வகுப்பில் யாருக்குப் புரியவில்லை? நான்கு வண்ண அட்டை போதும்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறை இதற்குக் கைகொடுக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு நிற அட்டைகள் கொடுங்கள். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் உராய்வு நடத்தியதும் இதைக் கேளுங்கள்: 100 நியூட்டன் எடையுள்ள பெட்டி தரையில் கிடக்கிறது. நிலை உராய்வுக் கெழு 0.4. கிடையாக 25 நியூட்டனில் இழுத்தால் உராய்வு விசை எவ்வளவு? விடைகள்: 40, 25, 15, 0. ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம்.

ஒன்றரை நிமிடம், பேச்சே கூடாது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கட்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை பார்த்து மாற்றிக்கொள்ளும்.

பலர் 40 என்பார்கள். கெழுவையும் செங்குத்து விசையையும் பெருக்கினால் கிடைப்பது உச்ச வரம்பு மட்டுமே. 25 அந்த வரம்புக்குள் இருப்பதால் பெட்டி நகராது; நகராதவரை உராய்வு இழுவிசைக்குச் சமம். விடை 25. ஆனால் அதை உடனே சொல்லிவிடாதீர்கள், இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது!

60 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 18க்குக் கீழே என்றால் மீண்டும் நடத்துங்கள். 42ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கி நகரலாம். இடைப்பட்டால், வேறு நிறம் காட்டிய பக்கத்து மாணவருடன் மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை கேளுங்கள். விளக்கம் அதன் பிறகே.

இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் பார்த்து எழுதும் பழக்கம் இங்கேயும் வந்துவிடும். எந்தத் தவறான விடைக்கு எத்தனை கை என்று குறித்து, அடுத்த பிரிவுக்கு நடத்தும் ஆசிரியரிடம் அன்றே கொடுங்கள்.