விண்டோஸை விடாமலே கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவது எப்படி?

"கட்டற்ற மென்பொருளுக்கு மாறணும், லினக்ஸ் போட்டுக் கொடுங்க" என்று யாராவது கேட்டால், லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம்) பேச்சை நான் முதலில் எடுப்பதே இல்லை. கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது. தினப்படி வேலை நடப்பது பிரௌசரிலும் ஆபிஸ் கோப்புகளிலும்தான். அவற்றை விண்டோஸில் இருந்தபடியே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கீழே சொல்பவை ஏறக்குறைய எல்லாம் லினக்ஸிலும் ஓடும் என்பதால், பிறகு அங்கே போனாலும் கைப்பழக்கம் வீணாகாது. பழைய மென்பொருள்களை உடனே நீக்க வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்.

படி 1: விஎல்சி, 7-ஜிப்

இவற்றில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, அதனால்தான் முதலில் வைத்தேன். விஎல்சி 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை. கோடெக் (வீடியோவைப் படிக்க உதவும் துணை நிரல்) தேடி அலையாமல் ஏறக்குறைய எந்த வீடியோவையும் திறக்கும். 7-ஜிப் சுருக்கிய கோப்புகளைப் பிரிப்பது, ரார் கோப்பையும் பிரித்துத் தரும். காசு கேட்டு நச்சரிக்கும் ஜிப் மென்பொருள் இனி எதற்கு?

ஒரே எச்சரிக்கை: தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

படி 2: பயர்பாக்ஸ், யூபிளாக் ஆரிஜின்

பயர்பாக்ஸ் ஒரு பிரௌசர், யூபிளாக் ஆரிஜின் அதில் விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சி (கூடுதல் வசதி). இரண்டையும் சேர்த்தே போடுங்கள். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றிய பிறகு அங்கே யூபிளாக் ஆரிஜினின் 'லைட்' வடிவம்தான் கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது. 'ஆரிஜின்' என்று பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வெறும் 'யூபிளாக்' வேறு ஆள்.

படி 3: லிப்ரெஆபிஸ்

இது மைக்ரோசாப்ட் ஆபிஸுக்கு மாற்று. இதே மாதிரியான ஓபன்ஆபிஸ் வேண்டாமா என்றால், வேண்டாம். 2010இல் அதிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரெஆபிஸ். ஓபன்ஆபிஸ் 2014இல் வந்த 4.1 வரிசையிலேயே சின்னத் திருத்தங்களோடு நிற்கிறது. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்காது.

நிறுவியதும், கோப்புகளை வேர்டு வைத்திருப்பவர்களுக்கு அனுப்புபவர் என்றால் டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லோட்/சேவ் → ஜெனரல் போய், 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்ற இடத்தில் வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். திருத்தத் தேவையில்லாத எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதுதான் என் வழக்கம்.

இனி என்னைப் படாத பாடு படுத்திய இடம். எழுத்துருவை மாற்றி 12 அளவு வைத்து ஸ்டைலை (பத்திகளுக்கான வடிவ அமைப்பு) சேமித்தால் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அசையவே அசையாது. காரணம், லிப்ரெஆபிஸ் தமிழைத் தனி வகையில் வைத்திருக்கிறது. அரபு, இந்தி, தமிழ் எல்லாம் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்', சுருக்கமாக சிடிஎல். அதற்கு எழுத்துருவும் அளவும் தனி.

முதலில் டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ் → ஜெனரல். பழைய பதிப்பில் இதுவே 'லாங்குவேஜ் செட்டிங்ஸ்'. அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் வரியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். டிக் பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள்.

பிறகு அதே ஆப்ஷன்ஸில் லிப்ரெஆபிஸ் ரைட்டர் → பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல். 'டீஃபால்ட்' வரியில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்துருவைக் கொடுங்கள். ஆங்கிலம் 12 என்றால் தமிழுக்கு நான் 11 வைப்பேன். அப்போதுதான் இரண்டும் ஒரே வரியில் ஒத்துப்போகும். புதிய கோப்புகள் இனி இப்படியே திறக்கும்.

ஏற்கெனவே உள்ள கோப்புக்கு எஃப்11 அழுத்துங்கள். 'டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' மேல் வலச்சொடுக்கி, எடிட் ஸ்டைலில் ஃபான்ட் பகுதிக்குப் போனால் சிடிஎல்லுக்குத் தனி இடம் இருக்கும். மற்றப் பத்தி ஸ்டைல்கள் இதைப் பார்த்துத்தான் நடக்கும். அப்படியும் மாறாத பத்தி இருந்தால், யாரோ அதற்குக் கையால் அளவு கொடுத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எம் அடியுங்கள். கையால் போட்ட தடித்த எழுத்தும் அதோடு போய்விடும், கவனம்.

படி 4: கீபாஸ்எக்ஸ்சி

இது கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள். கடவுச்சொற்கள் எல்லாம் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கும். யாருடைய சர்வரிலும் அல்ல. முதன்மைக் கடவுச்சொல் மறந்தால் மீட்டுத்தர ஆளில்லை, அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கோப்புக்கு இன்னொரு நகலும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

படம் வெட்டவும் சிறிதாக்கவும் மட்டும் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளைப் போடாதீர்கள், அது பெரிய கடல். தமிழில் போஸ்டர் செய்ய இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும். கொம்பும் காலும் பிசகாமல் வரும்.

பிற்சேர்க்கை

சிடிஎல் அமைப்பை மாற்றியும் பழைய கோப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததா என்று பாருங்கள். எழுத்துருவை மாற்றினால் 'mk;kh' மாதிரி ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அதேதான். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், எனவே லிப்ரெஆபிஸ் அதைத் தமிழாகவே பார்க்காது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு படி 3க்கு வாருங்கள்.

எக்செல் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) பற்றியும் கேட்டார்கள். லிப்ரெஆபிஸில் எக்செலுக்கு மாற்றான கால்க் சிலவற்றை ஓட்டும், சிலவற்றில் படுத்துக்கொள்ளும். மேக்ரோ நிறைய உள்ள கணக்குக் கோப்பின் நகலைத் திறந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று மக்கர் செய்தாலும் அந்தக் கோப்பு மட்டும் எக்செலிலேயே இருக்கட்டும்.