‘உது சோதினையில வருமோ?’: வாசிப்பில் நாங்கள் விடுகிற பிழைகள்

என் மகள் தரம் ஐந்தில் இருந்த வருடம். ஒரு பின்னேரம் விறாந்தைச் சீமெந்தில் குப்புறப் படுத்துக்கொண்டு துப்பறியும் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தன. கதை இறுகுகிற இடத்தில் ஆட்டம் நிற்கும், பிறகு மெல்லத் தொடங்கும். குசினி வாசலில் நின்று பார்த்த நான் கேட்டேன்: “பிள்ளை, உது சோதினையில வருமோ?” அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தின் மூலையை மடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை எடுத்தாள். மடித்த மூலையோடு அந்தப் புத்தகம் தையல் மெசினுக்கு மேலே மாதக்கணக்கில் கிடந்தது.

பிள்ளைகள் வாசிக்காததற்கு ரிக்ரொக்கும் யூரியூப்பும்தான் காரணம் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் தங்கள் விருப்பத்துக்காக அன்றாடம் வாசிப்போரின் வீதம் 2003க்கும் 2023க்கும் இடையில் 40 வீதத்துக்கு மேல் விழுந்துவிட்டதாக 2025 இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரித்தானியாவில் அதே ஆண்டு கேட்டபோது, 8 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளில் ஓய்வு நேரத்தில் வாசிப்பது பிடிக்கும் என்றவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் போன் வந்து குந்துவதற்கு முன்பே அந்த இடத்தை நாங்கள் காலியாக்கி வைத்திருந்தோம். புள்ளி வராத வாசிப்பு வீண் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றியது போன் அல்ல.

முதல் பிழை அதுதான். அதன் இன்னொரு முகம், வாசித்து முடித்த கையோடு “இதில என்ன படிச்சனி?” என்று கேட்பது. ஒரு பேய்க் கதையில் பிள்ளை என்னத்தைப் படிக்கும்? பயந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பயம் அதற்குப் பிடித்திருக்கும். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வந்தால் பேச்சுப்போட்டியும் கட்டுரைப்போட்டியும் வரும். ‘வாசிப்பின் பயன்கள்’ என்று ரியூசனில் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளை, அந்த மாதம் முழுக்க ஒரு கதைப்புத்தகத்தையும் தொட்டிருக்காது. போட்டிக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை, கேள்வியே கேட்காமல், சும்மா வாசிக்க விடலாம். எதை வாசிப்பது என்பதையும் பிள்ளையே எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் வைக்கட்டும். பெரியவர்கள் நாங்கள் எத்தனை புத்தகத்தை முடித்திருக்கிறோம்?

அடுத்தது, புத்தகத்தைப் பூசைப் பொருளாக்குவது. எங்களுக்கு இது ஏன் வந்தது என்று எனக்கு விளங்குகிறது. 1981 இல், மே 31 இரவு எரியத் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பைக் கண்ட தலைமுறைக்குப் புத்தகம் வெறும் கடதாசி அல்ல. ஆனால் அந்த மரியாதை வீட்டுக்குள் கண்ணாடி அலுமாரியாகவும் பூட்டாகவும் மாறும்போது, பிள்ளை அதைத் தொடப் பயப்படுகிறது. இந்த ஊரில் வாசிப்பு வளர்ந்தது அலுமாரிக்குள் அல்ல. 1966 இல் எழுத்தாளர் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கியது முடி வெட்டுகிற சலூனில் இருந்துதான். வாசிகசாலை வாங்கிலில் ஒரே பேப்பரைத் தாள் தாளாகக் கழற்றி நாலு பேர் வாசிப்பார்கள். புத்தகம் அழுக்காகட்டும், கிழியட்டும், தேத்தண்ணிக் கறை படட்டும். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலை பிள்ளைகள் ரியூசனில் இருக்கிற நேரத்தில் திறந்து, அவர்கள் வருகிற நேரத்தில் பூட்டுகிறது. அதை மாற்ற ஒரு கூட்டம் போதும்.

திரையில் வாசிப்பது வாசிப்பே இல்லை என்பதும் பிழையான பேச்சு. தாளில் வாசிப்பதையும் திரையில் வாசிப்பதையும் ஒப்பிட்டு 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் திரட்டி 2018 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தகவல் நூல்களை, அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு வாசிக்கும்போது தாளில்தான் கூடுதலாக விளங்குகிறது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் காசில்லாமல் கிடக்கின்றன. கடையில் கிடைக்காதவை பல. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: பீடிஎப் இறக்குகிறோம், வட்சப் குழுவுக்கு அனுப்புகிறோம், திறப்பதில்லை. ஒன்றை மட்டும் இறக்குங்கள். டேட்டாவை நிறுத்திவிட்டு வாசியுங்கள்.

“நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில வாசிச்சனாங்கள்” என்று பிள்ளையிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். 1990 இல் சண்டையால் கரண்ட் நின்ற பிறகு, போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த மஞ்சள் வட்டத்துக்குள் தலையை நீட்டி வாசித்தது உண்மைதான். ஆனால் அப்போது எங்களுக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. ரீவி இல்லை, போக இடமில்லை, இரவு நீளம். சலிப்புத்தான் எங்களை வாசிக்க வைத்தது. என் மகளுக்குச் சலிக்க நேரமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ரியூசன், சனியும் ஞாயிறும் ரியூசன், இடையில் கிடைக்கிற பத்து நிமிடத்துக்குப் போன்தான் பொருந்தும். அரை மணித்தியாலம் தொடர்ச்சியாக இல்லாத வாழ்க்கைக்குள் நாவல் நுழையாது. நாங்கள் ஞாயிறு வகுப்பை நிறுத்தினோம். சொந்தக்காரர் ஏசினார்கள். அந்தக் காலைவேளை முதல் சில கிழமைகள் போனுக்கே போனது. நானும் என் போனை மேசை லாச்சிக்குள் வைத்த பிறகுதான் மாற்றம் வந்தது.

பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது, எவரும் கவனிக்காத பிழை. எங்கள் கோயில்களில் கந்தபுராணபடனம் நடக்கும்போது ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்வார், சபை கேட்டுக்கொண்டிருக்கும். எழுத்துத் தெரிந்தவரும் அங்கே வந்து இருப்பார். கேட்பது வேறு சுகம்.

என் அம்மாவுக்கு இப்போது எழுத்துப் பிடிபடுவதில்லை. அந்தத் துப்பறியும் கதையை மகள் ஒரு ஞாயிறு தையல் மெசினில் இருந்து எடுத்தாள். மடித்த மூலையில் இருந்து தொடங்க முடியவில்லை, கதை மறந்துபோயிருந்தது. முதல் பக்கத்தில் இருந்து அம்மம்மாவுக்கு வாசித்தாள். பெட்டியைத் திறக்கிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா திறக்கவில்லை.

“ஏன் பிள்ளை நிப்பாட்டினி? பெட்டிக்குள்ள என்ன?”