சமையலறை அலமாரித் தட்டுக்குப் பின்னா, ரீப்பரா, காடியா?

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைப் போன மாதம் நானே செய்து முடித்தேன். பெட்டியை வெட்டி முடுக்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னைப் படுத்தியது தட்டுகள்தான்.

1. முதலில் அகலம். இங்கே நாம் வாங்குவது பெரும்பாலும் 16 மி.மீ. மெலமைன் சிப்போர்டு (மரச்சில்லை அழுத்திச் செய்து, மேலே வழவழப்பான மெலமைன் ஒட்டிய பலகை). 600 மி.மீ.க்கு மேல் போனால் பருப்பு, மீலி மீல் (மக்காச்சோள மாவு) கனத்தில் நடுவில் தொய்ந்துவிடும். அதே எடைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. அகலம் அதிகமென்றால் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வையுங்கள்.

2. எதில் தாங்குவது? பக்கப் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிச் செருகினால் உறுதி, ஆனால் ரூட்டர் (பள்ளம் வெட்டும் மின்கருவி) வேண்டும், தட்டை நகர்த்தவும் முடியாது. முதல் அலமாரிக்கு வேண்டாம். பிரியாணிப் பானை வைக்கும் தட்டுக்கு 20 மி.மீ. ரீப்பர் (பக்கப் பலகையில் திருகும் மரச்சட்டம்), 30 மி.மீ. திருகு. மெலமைனில் மரப்பசை பிடிக்காது, திருகை நம்புங்கள். மற்றதெல்லாம் ஷெல்ஃப் பின், பக்கப் பலகைத் துளையில் செருகித் தட்டைத் தாங்கும் சின்ன முளை. புரட்டாசிக்கு முன்னால் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, விரதப் பாத்திரங்களுக்கு இடம் மாற்றும் வீடு எங்களுடையது. தட்டு ஏறி இறங்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் பின் வேண்டாம், இரும்பு வாங்குங்கள்.

3. பின்னுக்கான துளை. இங்கேதான் நிதானம். 5 மி.மீ. துளை, 32 மி.மீ. இடைவெளி, முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. நான் முன்வரிசையைக் கீழிருந்தும் பின்வரிசையை மேலிருந்தும் அளந்துவிட்டேன். பலகையின் மேல்விளிம்பு 2 மி.மீ. கோணலாக இருந்தது அப்போது தெரியவில்லை. அம்மா சர்க்கரை டப்பாவை வைத்ததும் தட்டு டக்கென்று ஒரு மூலையில் இறங்கியது. மூன்று பின்னில்தான் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் 12 மி.மீ. பிளைவுட் துண்டில் துளையிட்டு அச்சு செய்தேன். ஒரு முனையில் பென்சிலால் 'கீழ்' என்று எழுதி, நான்கு வரிசைக்கும் அந்த முனையையே அடிப்பலகையில் முட்டவைத்தேன். எதிர்ப்பக்கப் பலகைக்கு அச்சைப் புரட்டினால் போதும். துளை ஆழம் 10 மி.மீ. அச்சின் கனத்தையும் சேர்த்து, டிரில் பிட்டில் 22 மி.மீ.யில் டேப் சுற்றுங்கள். அச்சை எடுத்துவிட்டு அதே டேப்போடு துளைத்தால் பலகை மறுபக்கம் பொத்துக்கொள்ளும். நடுவில் கூர்முனை உள்ள பிட்டானால் மெலமைன் பெயராது.

4. தட்டை உள்ளளவைவிட 2 மி.மீ. குறைத்து வெட்டி, நான்கு விளிம்பிலும் எட்ஜிங் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டுங்கள். டர்பன் ஈரக்காற்றில் திறந்த சிப்போர்டு ஊதிவிடும்.

பின்சேர்க்கை: துளை தளர்ந்து பின் ஆடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தத் துளையில் பசை ஊற்றாதீர்கள். நான்கு பின்னையும் ஒரு துளை மேலே மாற்றுங்கள், 32 மி.மீ.தான் வித்தியாசம்.