நிரப்பிய கல்லுக்கிடங்கும் மாரி மழையும்: செய்யக்கூடாத தவறுகள்

"யாழ்ப்பாணம் தட்டை நிலம். மலையகம் போல இங்கே மண் அரிக்குமா?" என்று கேட்பவர்தான் முதலில் மண்ணை இழக்கிறார். நிலம் தட்டைதான். ஆனால் கல்லுடைத்த கிடங்கை நிரப்பி எடுத்த காணிக்கு விளிம்பு உண்டு, சரிவு உண்டு, அடியில் பொந்தும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் வலிகாமம் வடக்கில் இன்னும் கிடக்கின்றன. வீடு கட்டக் கல்லெடுத்த சிறு கிடங்குகளும் ஊர்களில் உண்டு. அவற்றை மறுபடி தோட்டமாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பிழை அடியிலேயே நடந்துவிடுகிறது. டிப்பரில் வந்த கல்லையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி, அதன்மேல் நேரடியாக ஓர் அடி செம்பாட்டு மண்ணைப் பரப்பிவிடுகிறார்கள். அந்த மண் மழைக்குப் பக்கவாட்டில் ஓடுவதைவிடக் கீழேதான் அதிகம் போகும். கல்லிடுக்குகளுக்குள் நீரோடு இறங்கி, கார்த்திகை முடிவதற்குள் வாழைக்கன்று நட்ட இடம் சட்டிபோலக் குழிந்திருக்கும். மேலும் ஒரு லோட் கொட்டுவார்கள், அதுவும் இறங்கும். பெருங்கல், அதன்மேல் சிறுகல், பிறகு கிறவல், பிறகு மணல், கடைசியாக மண் என்று அடுக்கினால்தான் மேல்மண் தங்கும். செலவு கூடத்தான். ஆனால் அந்தச் செம்பாட்டு மண் இன்னொருவரின் தோட்டத்தைச் சுரண்டி வந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

குப்பையால் நிரப்புவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அது அயலவருக்குச் செய்யும் குற்றம். குடாநாடு குடிப்பது அடியிலுள்ள சுண்ணக்கல்லில் தேங்கும் நீரை. மேலிருக்கும் மண்தான் வடிகட்டி, கிடங்கு அந்த வடிகட்டியில் விழுந்த ஓட்டை. வழிந்தோடும் மழைநீர் யூரியாவையும் பூச்சிமருந்தையும் அதன் வழியே அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் பல கிணறுகள் அதை ஏற்கெனவே தாண்டிவிட்டன.

அடுத்தது பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரம். மேடுபள்ளம் தெரியாமல் மட்டப்படுத்தித் தரச் சொல்வோம். அது பத்துத் தடவை ஏறி இறங்கும். காணி சிமெந்துத் தரைபோல அழகாக இருக்கும், நீரும் சிமெந்துத் தரையில் ஓடுவதுபோலத்தான் ஓடும். அலவாங்கை ஊன்றிப் பாருங்கள். ஒரு சாண்கூட இறங்காவிட்டால், விதைப்பதற்கு முன் ஆழக் கொத்திவிட வேண்டும்.

எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்த்தால் பயம் வரும். 50 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புக் காணியில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறத்தாழ 12,600 லீற்றர். நீர் தேங்கக்கூடாது என்று அவ்வளவையும் ஒரே வாய்க்காலில் கிடங்கின் மூலைக்குத் திருப்புகிறோம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரே மாரியில் அந்த வாய்க்கால் இடுப்பளவு பள்ளமாகிவிடலாம். சரிவுக்குக் குறுக்கே சிறு வரம்புகள் போட்டு, ஆங்காங்கே கல் பதித்த வாய் விடுவது நல்லது. விளிம்பில் வெட்டிவேரை இடைவெளியின்றி ஒரு வரிசை நடலாம். கொத்துவதும் சரிவுக்குக் குறுக்கேதான்.

கடைசியாக, நாள் பார்த்து ஐப்பசிவரை காத்திருப்பது. பெருமழை தொடங்கும்போது மண் வெறுமையாக இருக்கக் கூடாது. புரட்டாதியின் முதல் ஈரத்திலேயே சணல் விதைத்துவிட வேண்டும். முடியாவிட்டால் பூவரசங்குழையோ சீமைக்கிளுவையோ காய்ந்த பனையோலையோ பரப்பலாம். வேலியில் இருப்பதுதானே.

மழை விட்ட மறுநாள் காலை காணிக்குள் குனிந்து பாருங்கள். சிறு கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மண் தூணின் உச்சியில் தொப்பிபோல உட்கார்ந்திருந்தால், கல் மூடிய மண் மட்டும் மிஞ்சி, சுற்றிலும் இருந்தது போய்விட்டது என்று பொருள். தூண் விரற்கடை உயரம் என்றால் அவ்வளவு மண் போயிருக்கிறது. அன்றைக்கே கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்க் குழை வெட்டுங்கள்; அடுத்த மழை தைவரை காத்திருக்காது.