'டாக்' என்றால் எப்போதும் நாய் இல்லை: சரியான பொருளைப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலத்தில் 'டாக்' என்று பார்த்ததும் நாய் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில், அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கவனியுங்கள். காயங்கள் ஒரு கிரிக்கெட் வீரரை 'டாக்' செய்தன என்று இருந்தால், அவை மனுஷனை விடாமல் துரத்தின என்று அர்த்தம்.

அடுத்து, கூட ஒட்டியிருக்கும் சொல்லைப் பாருங்கள். 'அண்டர்டாக்' என்றால் தோற்பார் என்று எல்லோரும் நினைக்கும் ஆள். 'டாக் டேஸ்' கோடையின் உச்சம். நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் சூரியனை ஒட்டி உதிக்கும் நாட்களுக்கு ரோமானியர்கள் வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. மெக்கானிக் கையேட்டில் 'டாக் கிளட்ச்' வந்தால் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் அமைப்பு. பைக் கியர்பாக்ஸைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், கியரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தப் பற்கள்தான்.

அப்புறம் வேர். இதற்கு நல்ல அகராதியில் சொல் வரலாற்றுப் பகுதியைப் படியுங்கள், இந்தச் சொல்லுக்கு அது துப்பறியும் கதை மாதிரி இருக்கும். பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுச்சொல் 'ஹுண்ட்', ஜெர்மனில் இன்றும் அதேதான். 'டாக்' என்பதன் பழைய வடிவமான 'டொக்கா' அதில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது, எங்கிருந்து வந்தது என்று மொழியியலாளர்களுக்கே பிடிபடவில்லை. ஆனாலும் 16ஆம் நூற்றாண்டுக்குள் அதுவே பொதுச்சொல்லாகி, 'ஹுண்ட்' என்பதிலிருந்து வந்த 'ஹவுண்ட்' வேட்டை நாயாகச் சுருங்கிவிட்டது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி வேர் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்திலும் நாய்க்குக் கிட்டத்தட்ட 'டாக்' என்றுதான் பெயர் இருந்தது, ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.