புத்தகம் இல்லாமல் இங்கிலீஷ் லிட்ரேச்சர்: பரீட்சைக்கு முந்திய நாலு நாள்

இலங்கையின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதம், சித்திரம், நடனம் இருக்கிற அதே தொகுதியில்தான் ஆங்கில இலக்கிய நயமும் இருக்கிறது. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் இதை எடுப்பவர்கள் குறைவு. கடைசி வாரத்தில் கூட இருந்து படிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். டியூசன் நோட்ஸ் மட்டும் கட்டுக்கட்டாக இருக்கும். அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மண்டபத்தில் புத்தகம் இல்லை, நோட்ஸும் இல்லை, வெறுந்தாள்தான். ஆகவே இந்த நாலு நாளும் மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்கிற வேலைதான். புத்தகத்தைத் திறப்பது சரிபார்க்க மட்டும்.

முதலில் ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். பாடத்திட்டத்தில் உள்ள கவிதை, சிறுகதை, நாடகம், நாவல் எல்லாவற்றின் பெயரையும், எழுதியவர் பெயரையும், பாத்திரங்களையும் 20 நிமிடத்துக்குள் மனதிலிருந்து எழுதுங்கள். பிறகு பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். எது விடுபட்டதோ, எதற்கு எழுதியவர் பெயர் மாறிப்போனதோ, அங்கேதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகள் பிடித்த பாடத்திலேயே தொடங்குவார்கள். ஏற்கெனவே தெரிந்ததற்கு இரண்டு மணித்தியாலம் போய்விடும். பாடத்திட்டம் அவ்வப்போது மாறுகிறது. அக்கா அண்ணாமாரின் பழைய கொப்பியை வைத்துப் படிக்கிறவர்கள், உங்கள் ஆண்டுக்குரிய பட்டியலை முதலில் டீச்சரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நாடகத்திலும் நாவலிலும் தெரிவு உண்டு. பாடசாலையில் செய்த ஒன்றை ஆழமாக வைத்திருந்தால் போதும். மூன்று நாவல் இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் இரண்டாவதைத் தொடாதீர்கள். கவிதையில் அப்படி விட முடியாது. ஒரு துண்டைத் தந்து யார், எங்கே, ஏன் என்று கேட்கும் குறுவினாவுக்கு எந்தக் கவிதையும் வரலாம்.

அட்டை எழுதுவது

ஏ4 தாளை நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஓர் அட்டை. கவிதைக்கும் சிறுகதைக்கும் தலா ஒன்று, நாடகத்துக்கு இரண்டு, நாவலுக்கு மூன்று. அதற்கு மேல் போனால் அது இன்னொரு நோட்ஸ் கொப்பியாகிவிடும். கவிதை அட்டையில் எழுத வேண்டியவை: எழுதியவர், பேசுபவர் யார், என்ன சூழ்நிலை, குரல் எப்படிப்பட்டது (கேலியா, துயரமா, ஆத்திரமா), எங்கே அந்தக் குரல் மாறுகிறது, மூன்று மேற்கோள். எழுதியவரின் பிறந்த ஊரும் வருடமும் வேண்டாம். கட்டுரையின் முதல் பந்தியில் கவிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதுவது பழைய பழக்கம். அதற்குப் புள்ளி கிடையாது, நேரம்தான் போகும்.

மேற்கோளை முழு வரியாகப் பாடமாக்காதீர்கள். இரண்டு முதல் ஐந்து சொல் போதும். நீண்ட வரியில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் சிக்கிக்கொள்ளும். சின்னத் துண்டு உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். ஒரு துண்டை எடுக்கலாமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. குறைந்தது இரண்டு வெவ்வேறு கேள்விக்கு அது உதவ வேண்டும்.

செக்கோவின் 'த பெயார்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் இறந்து ஏழு மாதம் துக்கம் காக்கும் பொப்போவா, ஓட்ஸ் வாங்கிய கடன் 1200 ரூபிளைக் கேட்டு வரும் ஸ்மிர்னோவ், நடுவில் கிழட்டு வேலையாள் லூக்கா. கணவனுக்குப் பிடித்த குதிரை டோபிக்கு ஓட்ஸ் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறாள் தொடக்கத்தில். முடிவில், இன்றைக்கு டோபிக்கு ஓட்ஸே வேண்டாம் என்கிறாள். இந்த இரண்டு இடமும் கையில் இருந்தால் பொப்போவாவின் பாத்திரம், துக்கத்தின் போலித்தனம், நகைச்சுவை, நாடகத்தின் முடிவு என்று எந்தக் கேள்வி வந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இது ருஷ்ய மொழியில் எழுதப்பட்டது. இன்டர்நெட்டில் கிடைக்கும் ஆங்கிலப் பிரதியின் சொற்கள் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளது போல இருக்காது. மேற்கோளைப் பாடப்புத்தகத்தில் இருந்து மட்டும் எடுங்கள். ஜப்பானிய நாடகமான 'ட்வைலைட் ஒஃப் எ கிரேன்' செய்தவர்களுக்கும் இதே கதைதான்.

சிறுகதையில் மேற்கோளைவிடச் சம்பவத்தின் நுணுக்கம் கைகொடுக்கும். 'த நைட்டிங்கேல் அண்ட் த ரோஸ்' கதையில் நைட்டிங்கேல் பறவை உயிரைக் கொடுத்து உண்டாக்கிய ரோஜாவை, மாணவன் காதலிக்கும் பெண் ஏற்க மறுக்கிறாள் என்று எல்லோரும் எழுதுவார்கள். ஏன் மறுத்தாள்? தன் உடுப்போடு அது ஒத்துவராது, இன்னொருவன் உண்மையான நகை அனுப்பியிருக்கிறான். பூவை மாணவன் தெருவில் எறிகிறான், வண்டிச் சில்லு அதன் மேல் ஏறுகிறது, அவன் அறைக்குப் போய்த் தூசி படிந்த புத்தகத்தைத் திறக்கிறான். 'மெட்டீரியலிசம்' என்ற சொல்லைப் பத்துத் தடவை எழுதுவதைவிட அந்தச் சில்லையும் தூசியையும் ஒருமுறை எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் கதையை வாசித்திருக்கிறீர்கள் என்று தெரியும். 'த லம்பர் ரூம்' என்றால் பாலும் பாணும் இருந்த கோப்பைக்குள் தவளை, மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த ஆன்ட்டி, சுவர்ச்சீலையில் வேட்டைக்காரனும் ஓநாய்களும். அந்தப் பெண் சிறுவன் நிக்கலஸின் சொந்த ஆன்ட்டி இல்லை, மச்சான் மச்சாள்மாரின் ஆன்ட்டி. தன்னை அவனுக்கும் ஆன்ட்டி என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இதைச் சரியாக எழுதுபவர்கள் குறைவு.

அணியின் பெயரோடு நிற்காதீர்கள்

அதிகம் புள்ளி போவது இங்கேதான். 'இந்தக் கவிதையில் சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அலிட்டரேஷன் (மோனை) உள்ளன' என்று பட்டியல் போட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போகிறார்கள். அணியின் பெயர், அந்தச் சொற்கள், அந்த இடத்தில் அவை செய்யும் வேலை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கருத்து.

டெனிசனின் 'த ஈகிள்' ஆறே வரி. மூன்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று வரியும் ஒரே ஓசையில் முடியும். முதல் வரியில் 'க்ளாஸ்ப்ஸ்', 'க்ரேக்', 'க்ரூக்கட்' என்று வல்லோசை மூன்று தடவை வருகிறது. பாறையின் கரடும் பிடியின் இறுக்கமும் காதிலேயே விழுகிறது. நகத்தை 'ஹேண்ட்ஸ்' என்று சொல்வதால் பறவை மனிதனாகிறது. கழுகு நிற்கிறது, பார்க்கிறது, அசைவில்லை. கடைசி வரியில் மட்டும் இடி போல விழுகிறது. அந்த உவமை ஏன் கடைசி வரியில் இருக்கிறது? ஐந்து வரி அசையாமல் நின்றதால்தான் ஆறாவது வரியின் வேகம் நம்மைத் தாக்குகிறது. இப்படி ஒரு கவிதைக்கு இரண்டு இடத்தையாவது விளக்கிச் சொல்லிப் பழகுங்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து தங்கச்சிக்குத் தமிழில் சொன்னாலும் சரி. தமிழில் சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் எழுதவும் வராது.

யாஸ்மின் குணரத்னவின் 'பிக் மேட்ச் 1983' கவிதையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழருக்கு எதிரான அந்த 1983 யூலைக் கலவரத்தைப் பற்றி மலையகத்தில் அநேக வீடுகளில் பேச்சு உண்டு. அதனால் பேனை தானாக ஓடும். விடை கவிதையை விட்டுச் சரித்திரமாகிவிடும். விளையாட்டுப் போட்டியின் மொழியைக் கொண்டு கலவரத்தைச் சொல்வது ஏன் நெஞ்சைச் சுடுகிறது என்பதுதான் கேள்வி. வீட்டில் கேட்டது அந்தக் கவிதையை விளங்கிக்கொள்ள உதவட்டும், தாளில் கவிதையின் சொல் இருக்கட்டும்.

நாலு நாளைப் பிரிப்பது

முதல் நாள் வெற்றுத்தாள் சோதனையும் அட்டையும். இரண்டாம் நாள் காலையில் அட்டையைப் பார்க்காமல் மேற்கோள்களை எழுதிப் பார்த்து, பிழைத்ததை மட்டும் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை, மாலையில் ஒரு தடவை, மறுநாள் விடியற்காலை ஒரு தடவை. இடைவெளி விட்டு மறந்துபோக விட்டால்தான் திரும்ப எடுக்கும்போது பதியும். வாயால் சொல்லிப் பார்ப்பது போதாது, கையால் எழுத வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் நமக்கு வழுக்குகிற இடம். 'ரிதம்' என்ற சொல்லில் ஆர் எழுத்துக்கு அடுத்து எச் வரும். 'மெட்டஃபர்' எஃப் எழுத்தில் இல்லை, பீ, எச். 'நைட்டிங்கேல்' நடுவில் ஜீ, எச். எழுதியவர்களின் பெயரும் பாத்திரங்களின் பெயரும் சேர்த்து ஒரு 25 சொல்லைத் தனியாக எழுதி, தினமும் ஒருமுறை யாரையாவது சொல்லச் சொல்லி டிக்டேஷன் எழுதுங்கள்.

மூன்றாம் நாள் கடந்தகால வினாக்கள். ஆறு கட்டுரைக் கேள்விக்குத் திட்டம் மட்டும் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரு வாக்கியம், மூன்று கருத்து, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு மேற்கோளோ சம்பவமோ. இரண்டை மட்டும் மணிக்கூடு வைத்து முழுதாக எழுதுங்கள். டியூசனில் தந்த கட்டுரையை அப்படியே பாடமாக்கியவர்கள் அடிபடுவது இங்கேதான். 'த வெண்டர் ஒஃப் ஸ்வீட்ஸ்' நாவலில் வரும் தகப்பன் ஜகன், மகன் மாலியை எடுங்கள். 'ஜகனின் பாத்திரத்தை விவரி' என்று பாடமாக்கியிருப்பார்கள், 'ஜகனும் மாலியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாததற்கு யார் காரணம்' என்று வரும். பாடமாக்கியதைக் கொட்டினால் பாதிப் புள்ளி காற்றில் போகும். கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கும் பந்தியை அங்கேயே நிறுத்துங்கள். திருத்துபவருக்குக் கதை தெரியும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நூலில் நடப்பதை நிகழ்காலத்திலேயே எழுதுங்கள், ஒருமை வினையின் முடிவில் எஸ் விடுபடாமல். பாதியில் இறந்தகாலத்துக்குத் தாவுவது நம் பிள்ளைகளின் தாளில் அடிக்கடி தெரியும் பிழை. 'த போயட் செய்ஸ்' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்காமல் 'சஜெஸ்ட்ஸ்', 'இம்ப்ளைஸ்', 'கன்வேஸ்' என்பவற்றை மாற்றிப் போடுங்கள். கவிதையில் 'நான்' என்று பேசுவது எப்போதும் கவிஞர் இல்லை, அங்கே 'ஸ்பீக்கர்' என்று எழுதுங்கள்.

நாலாம் நாள் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். அட்டைகளை ஒரு சுற்று, சொற்பட்டியலை ஒரு சுற்று. பின்னேரம் இடி முழங்கினால் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டு, எழுதுகிற வேலையைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். லயத்துக் காம்பராவில் இரவு பத்து மணிக்குப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில் வாசிப்பது கண்ணுக்குத்தான் களைப்பு. அனுமதி அட்டை, அடையாள அட்டை, ஒரே நிறத்தில் மூன்று பேனை, எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடுவது புதினமில்லை. வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள்.

மண்டபத்தில்

நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் விரல் விறைத்துப்போய் முதல் பக்கம் ஊர்ந்து நகரும். உள்ளே போகுமுன் சூடான பிளேன்டி கோப்பையைக் கொஞ்ச நேரம் கைக்குள் பிடித்திருங்கள், கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

மேலதிகமாகத் தரும் பத்து நிமிட வாசிப்பு நேரத்தில் எந்தக் கட்டுரைகள் என்று முடிவெடுத்துவிடுங்கள். பிடித்த நூலைத் தேடாமல், மூன்று கருத்து உடனே வருகிற கேள்வியைத் தெரிவுசெய்யுங்கள். எழுதத் தொடங்கலாம் என்றதும் மறந்துவிடுமோ என்று பயப்படும் மேற்கோள்களை ஒரு பக்கத்தில் கிறுக்கி, பிறகு ஒரு கோட்டால் வெட்டிவிடுங்கள்.

மூன்று மணித்தியாலத்தில் 15 நிமிடத்தைத் திட்டத்துக்கும் சரிபார்க்கவும் கழித்தால் 165 நிமிடம். தாள் 100 புள்ளிக்கு என்றால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 15 புள்ளிக் கட்டுரைக்கு 25 நிமிடம். இரண்டு புள்ளிக் குறுவினாவுக்கு அரைப்பக்கம் எழுதுகிறவர்கள்தான் கடைசிக் கட்டுரையைப் பாதியில் விடுவார்கள். குறுவினாவில் எத்தனை புள்ளியோ அத்தனை விஷயம், அவ்வளவுதான்.

மேற்கோள் வர மறுத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மேற்கோள் குறி போடாமல் உங்கள் சொல்லில் கருத்தை எழுதுங்கள். இல்லாத வரியைக் கட்டி மேற்கோள் குறிக்குள் போடுவது பார்த்த உடனே பிடிபடும். நினைவுக்கு வந்தால் சேர்க்க இரண்டு வரி இடம் விட்டுப் போங்கள்.

மணி அடிக்குமுன் பார்க்க வேண்டியது வினா இலக்கங்கள். கவிதைக்கு எழுதியதை நாடக இலக்கத்தின் கீழ் போட்டுவிடுவது நடக்கிற காரியம். ஒவ்வொரு தாளிலும் சுட்டெண் இருக்கிறதா, பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விடைத்தாள்களை நூலால் கட்டுங்கள்.